ஓட்டை இலைச் செடியும் அம்மாவின் வலது கண்ணும்

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களுக்கு நரம்பு பார்த்து ரத்தம் எடுப்பது என் வேலை. பதினொரு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். அப்படி ஒரு சும்மா இருந்த நேரத்தில் போனில் எதையோ தேடப்போய், ஒரு செடியின் படம் கண்ணில் பட்டது. அகலமான பச்சை இலை. நடு நரம்பை ஒட்டி ஓட்டை ஓட்டையாக, ஓரமெல்லாம் யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி. மான்ஸ்டெரா என்று பெயர் போட்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே வளருமாம், பெட்டியில் போட்டு அனுப்பி வைப்பார்களாம்.

அதுவரை என் வீட்டில் ஒரு செடி இருந்ததில்லை. தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் எல்லாருமே காட்டு வேலைக்குப் போனவர்கள். அடுத்தவர் காட்டில் விடிந்ததிலிருந்து குனிந்து களை எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு, வீட்டு வாசலிலும் ஒன்றை வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தோன்றாது. எனக்கு அன்று தோன்றியது. எதற்கென்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஆர்டர் போட்டுவிட்டேன்.

நான் குடியிருப்பது கோயமுத்தூர் கணபதியில், ஒரு லேத் பட்டறையின் மாடியில். தனியாகத்தான் இருக்கிறேன். கல்யாணப் பேச்சை வீட்டில் விட்டு நாலைந்து வருஷமாகிறது. கீழே பட்டறை வைத்திருப்பவர்தான் வீட்டுக்காரர். அறுபது வயது இருக்கும். மோட்டார் பம்புக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுக்கிறார். ஒரு வாரம் கழித்து நான் வேலை முடிந்து வந்தபோது, பட்டறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மிணி, உங்களுக்கு ஒரு பார்சல் வந்துச்சுங்க. தூக்கறப்ப உள்ள என்னமோ பொலபொலன்னு உருளுதுங்க. ஒடையற சாமானுங்களா?"

"செடிங்கண்ணா."

"செடியா? பொட்டியிலயா?" என்று அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். லேத்துக்குப் பக்கத்தில், இரும்புச் சீவல் குவியலை ஒட்டி அது நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் மேலே என்று காட்டும் அம்புக்குறி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். காகிதச் சுருள்களுக்குள் கையை விட்டால் ஈர மண் வாசம் வந்தது. ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, பாதி மண் வெளியே கொட்டிக் கிடந்தது. மூன்றே மூன்று இலை. ஒன்று மடங்கி, மடங்கிய இடத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. இன்னொன்று ஓட்டையே இல்லாத சின்ன இலை. மூன்றாவதில் மட்டும் படத்தில் பார்த்த மாதிரி ஓட்டைகள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. வந்த தொட்டியிலேயே ஒரு வாரமாவது விடவும், நேர் வெயில் கூடாது, மேல் மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் ஊற்றவும் என்று இருந்தது.

அந்தச் சீட்டை நான் பத்திரமாக எடுத்து வைத்தேனே தவிர, அதில் சொன்னதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. செடிக்கென்று ஏற்கெனவே ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டி வாங்கி வைத்திருந்தேன். வழவழவென்று அவ்வளவு அழகு. அன்று சாயங்காலமே செடியை அதற்கு மாற்றி, மேற்குப் பக்க ஜன்னலில் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றிவிட்டு, போனில் நாலு படம் பிடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா வந்தாள்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். காலையில் கூட்டிக்கொண்டு போய் மத்தியானம் அழைத்து வந்துவிட்டேன். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ஆட்டோவில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியை மேலே தூக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, நீ இத்தனை நரைச்சுபோட்டயா?"

"இப்பத்தான் தெரியுதாம்மா உனக்கு?"

"நாலு மாசத்துக்கு முந்திப் பாத்தப்ப நல்லாத்தான இருந்த!"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்புதான். ஆஸ்பத்திரியில் சொன்னது மட்டும் அம்மாவுக்குச் சிரிப்பாக இல்லை. ஒரு மாதம் குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து. பரிசோதனைக்கு வர வேண்டியிருந்ததால் அதுவரைக்கும் என் வீட்டிலேயே இருப்பதென்று முடிவாயிற்று.

வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், கண் தெளிந்த பிறகு முதல் தடவையாக ஜன்னலைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நேராகச் செடியிடம் போனாள். ஓட்டை இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். தண்டைப் பார்த்தாள். மண்ணை விரலால் கிளறினாள்.

"கண்ணு, பூச்சி தின்னுபோட்டுது பாரு."

"அது அப்படித்தாம்மா இருக்கும்."

"எது அப்படித்தான் இருக்கும்? எல நெடுக ஓட்டை. பச்சப் புழுவாத்தான் இருக்கோணும். பகல்ல மண்ணுக்குள்ள போயிருக்கும்."

"அந்தச் செடியோட எலையே அப்படித்தான். ஓட்டை இருந்தாத்தான் அழகு. அதுக்குத்தான் வாங்கறாங்க."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓட்டை எலைன்னு தெரிஞ்சேவா வாங்கின?"

"ஆமா."

"என்ன காய்க்கும்?"

"ஒண்ணும் காய்க்காது."

"பூவு?"

"ஊட்டுக்குள்ள வெச்சா அதுவும் பூக்காதாம்."

"அப்பறம் என்னத்துக்குக் கண்ணு?"

"சும்மா பாக்கறதுக்கும்மா."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று நான் பதறப் பதற, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின் போதும் ஊருக்குப் போன் போட்டு என் தம்பியிடம் சொல்லி இன்னொரு தடவை சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும், புழு விஷயத்தை மட்டும் அவள் விடவில்லை. மறுநாள் நான் வேலைக்குப் போய் வந்தபோது தொட்டி மண்ணின் மேல் சாம்பல் தூவியிருந்தது. கேஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டில் சாம்பல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஊதுபத்திச் சாம்பலாம்.

அடுத்து தண்ணீர்ப் பஞ்சாயத்து வந்தது. நான் செடிக்கு நல்ல தண்ணி ஊற்றினேன். குழாயில் குடிக்க வருகிற அந்தத் தண்ணீரை நாங்கள் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்து வாரக்கணக்கில் ஓட்டுவோம். குளிக்கத் துவைக்கப் போர்த் தண்ணிதான். அது உப்பு. நான் குடத்திலிருந்து மொண்டு தொட்டியில் ஊற்றுவதை அம்மா பார்த்துவிட்டாள்.

"காய்க்காத செடிக்கு நல்ல தண்ணியா?"

"உப்புத் தண்ணி ஊத்தினா எலை ஓரம் கருகிப்போயிருமாம்மா."

"நல்ல ஒறம்பரையா இருக்குதே!" என்றாள். வீட்டுக்கு வரும் விருந்தாளியை நாங்கள் ஒறம்பரை என்போம். அன்றிலிருந்து செடிக்கு அதுவே பெயராகிவிட்டது. "ஒறம்பரை எந்திரிச்சாச்சா?" என்று காலையில் கேட்பாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. செடி தேறுவதாக இல்லை. மேற்கு ஜன்னலுக்கு எதிரே பக்கத்துப் பட்டறையின் தகரக் கூரை. மத்தியான வெயில் அதில் பட்டு நேராக ஜன்னலுக்குள் அடிக்கும். மடங்கிய இலை முறுகிக் காய்ந்தது. தொட்டியைச் சமையலறை மூலைக்கு மாற்றினேன். அங்கே வைத்த மூன்றாம் நாள், ஓட்டையில்லாத சின்ன இலை மஞ்சளடித்துத் தொங்கியது. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்துக் கூட ஒரு டம்ளர் ஊற்றினேன். மறுநாள் ஓட்டை இலையும் தலை சாய்ந்தது.

அன்றைக்கு வேலையில் ஒரே கூட்டம். ஒரு சின்னக் குழந்தைக்கு இரண்டு தடவை குத்தியும் ரத்தம் வரவில்லை, அதன் அப்பா கத்தினார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், அம்மா கையில் சொம்போடு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி ஊத்தறயா?"

"வாடிக் கெடக்குதல்ல. மத்தியானத்துல கொஞ்சூண்டு உடறதுதான்."

"தினமுமா?"

"ஆமா, வந்ததுல இருந்து."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உனக்குச் சும்மா உக்கார்றதுக்கே தெரியாதாம்மா? எதையாச்சும் தொட்டுக் கெடுத்தாத்தான் ஆகுமா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா தொட்டியை விட்டு விலகினாள். சொம்பைக் கொண்டுபோய் வைத்தாள். ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். நான் சொட்டு மருந்து விடும்போது மட்டும் தலையை அண்ணாந்து காட்டினாள்.

மறுநாள் மத்தியானம் நான் வந்தபோது துணிப்பையைக் கட்டி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"தாராபுரத்துக்குப் பஸ்சு எத்தனை மணிக்குக் கண்ணு?"

"இன்னும் செக்கப் இருக்குதும்மா."

"அதுக்கு வேண்ணா வந்துட்டுப் போயிக்கறேன்." பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். பிறகு அவளாகவே பேசினாள். "கைய மடியில வெச்சு உக்காந்து எனக்குப் பழக்கமில்ல கண்ணு. கூட்டாத, தொவைக்காத, குனியாதன்னு சொல்லிபோட்டாங்க. உன்ற ஊட்டுல நான் செய்யறதுக்குன்னு இருந்த வேலை அது ஒண்ணுதான். நின்ன வாக்குல ஊத்தலாம். அதான் ஊத்தினேன்."

பத்து வயதிலிருந்து வெங்காயக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் குனிந்த முதுகு அது. அதை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, நான் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். பகல் முழுக்க அவள் என்ன செய்வாள் என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பேனா?

"அம்மா," என்றேன். "நானும் தினமும் காலைல ஒரு டம்ளர் ஊத்தினேன். சில நாள் சாயங்காலமும்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நீயுந் தினமுமா?"

"நானுந்தான்."

"அப்ப ரெண்டு பேருஞ் சேந்து ஒறம்பரையத் தண்ணிக்குள்ள முக்கிபோட்டோமா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பையை நானே பிரித்து, சேலைகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன்.

தொட்டியைத் தூக்கிச் சமையல் மேடையில் வைத்தேன், அம்மா குனியாமல் நின்றபடி பார்க்க. தண்டைப் பிடித்து இழுத்ததும் செடி மண்ணோடு கழன்று வந்தது. தொட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர். வாடை மூக்கைத் துளைத்தது. அந்த அழகான வெள்ளைத் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை என்பதை அப்போதுதான் நான் பார்த்தேன்.

"எலையில ஓட்டை பாத்து வாங்கினயே, தொட்டியில பாக்க வேண்டாமா?" என்றாள் அம்மா.

மண்ணை உதறி, வேரை நல்ல தண்ணீரில் அலசினோம். அம்மா ஒவ்வொரு வேராக விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். கெட்டியாக இருந்ததை விட்டுவிட்டு, கொழகொழவென்று இருந்ததைத் தனியே பிடித்துக் காட்டினாள். நான் பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அவள் காட்டியதை வெட்டினேன். முக்கால்வாசி போய்விட்டது. மிஞ்சியது நாலு வேரும் ஓர் ஓட்டை இலையும்தான்.

"பொழைக்குமாம்மா?"

"வெங்காயம்னாச் சொல்லிருவேன். இதை நானெங்க கண்டேன்?" என்றாள்.

வெள்ளைத் தொட்டியை எடுத்துக்கொண்டு கீழே போய், வீட்டுக்காரரிடம் அடியில் ஓட்டை போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "இரும்பையே தொளைக்கறோம், இதென்னங்க அம்மிணி," என்று டிரில்லிங் மெஷினில் கவிழ்த்து வைத்தார். கிர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் டப்பென்று ஒரு சத்தம். தொட்டி மூன்று துண்டாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் அவரே மாடி ஏறி வந்தார். கையில் ஒரு மோட்டார் பாடி. உருண்டையாக, சுற்றிலும் பட்டை பட்டையாக வரி வைத்த வார்ப்பிரும்புக் கூடு. அடியில் ஒரு தகடு வைத்து போல்ட் முடுக்கி, தகட்டில் நாலு ஓட்டை போட்டிருந்தார். வெளியே பம்புக்கு அடிக்கிற அதே பச்சைப் பெயின்ட், இன்னும் ஈரமாக.

"வார்ப்புல குத்தம்னு ரிஜெக்ட் பண்ணிபோட்டாங்க. சும்மா கெடந்துதுங்க. இது ஒடையாதுங்க அம்மிணி," என்றார்.

அவரைப் பார்த்ததும் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரமாக நின்றாள். "வாங்க சாமி," என்றாள். ஊரில் காட்டுச் சொந்தக்காரர்களிடம் அப்படிப் பேசித்தான் அவளுக்குப் பழக்கம். எனக்குச் சுருக்கென்றது. அவர் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு ஏனுங்க நிக்கறீங்க, உக்காருங்க," என்றார். அவள் உட்காரும் வரை அவரும் உட்காரவில்லை. அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அவருடைய சம்சாரத்துக்கும் கண்ணில் புரை இருப்பதும், ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டு தள்ளிப்போடுவதும் அந்தப் பேச்சில்தான் தெரிந்தது. அடுத்த வாரமே அம்மா நிதானமாகப் படியிறங்கிப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற அவர் வீட்டுக்குப் போய், கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, அந்தம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள்.

செடியை மோட்டார் பாடியில் நட்டு, கிழக்குப் பக்கம் மாடிப்படிக் கதவுக்கு உள்ளே வைத்தோம். கம்பிக் கதவு வழியாகக் காலை வெளிச்சம் வரும், வெயில் வராது. கீழே லேத் ஓடும்போது இலை லேசாக அதிரும். அம்மாதான் அதை முதலில் பார்த்தாள். "பட்டறை ஓடறப்பத் தலையாட்டுது, நின்னா நின்னுக்குது," என்றாள்.

ஓர் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டோம். காலையில் அம்மா மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். "ஈரம் இருக்குது" என்றால் நான் சொம்பைத் தொடக் கூடாது. "காஞ்சுபோச்சு" என்றால் நான் ஊற்றுவேன், அவள் தொடக் கூடாது. ஐந்தாறு நாளைக்கு ஒரு தடவைதான் காய்ந்தது. மிச்ச நாளெல்லாம் செடிக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதே எங்கள் வேலை. எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா எப்படியோ பழகிக்கொண்டாள். நாற்காலியைப் படிக்கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அந்த ஒற்றை இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படியில் ஏறி இறங்குகிற பக்கத்துப் போர்ஷன்காரர்களோடு ஒரு வார்த்தை பேசுவாள். நான் வரும்போது தெருவில் அன்றைக்கு நடந்ததெல்லாம் எனக்குச் சொல்வதற்கு அவளிடம் இருக்கும்.

மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"கண்ணு, இங்க ஓடி வா. குருத்து உட்டிருக்குது."

போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்டோடு தண்டாக இருந்தது எல்லாம்.

"எங்கம்மா?"

"ஏங் கண்ணு, அரிசி மொனையாட்டம் நிக்குது, தெரியலயா? உனக்குங் கண்ணு பாக்கோணும்."

குனிந்து மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காம்பின் மடிப்பிலிருந்து வெளுத்த பச்சையில் ஓர் ஊசி முனை. அம்மா ஒன்றரை அடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்திருக்கிறாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

குருத்து சுருட்டி வைத்த காகிதம் மாதிரி நீண்டு, ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு பிரிந்தது. பிரிந்த அன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இலை இன்னும் ஈரம் காயாத மாதிரி பளபளவென்று மெல்லிசாக இருந்தது. நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் இரண்டுமாக மூன்று ஓட்டை. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"புழு இல்லீங்கறது நெசந்தான் கண்ணு," என்றாள் கடைசியில். "பொறக்கறப்பவே அப்படித்தான் பொறக்குது."

அடுத்த பரிசோதனையில் கண் நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டார்கள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் அம்மாவை ஏற்றிவிட்டேன். ஒரு கிளை கொண்டு போகிறாயா என்று முன்பே கேட்டிருந்தேன். இருக்கிற இரண்டு இலையில் எதை வெட்டுவாய் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எட்டு மாதம் கழித்து இடது கண் ஆபரேஷனுக்கு வந்தபோது செடியில் ஏழு இலை இருந்தது. அப்போது அவளே வாய்விட்டுக் கேட்டாள். கணுவும் வேர் முளையும் பார்த்து ஒரு துண்டு வெட்டி, தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஊரில் வாசல் வேம்பின் நிழலில், உடைந்த குடத்தில் நட்டிருக்கிறாள். நட்ட இரண்டாம் வாரம் போன் வந்தது. எதிர் வீட்டு ஆடு வந்து ஓர் இலையைக் கடித்திருக்கிறது. கடித்த வேகத்தில், சேனைத்தண்டு மாதிரி வாய் அரித்ததில் துப்பி, வாயெல்லாம் நுரையோடு தெரு முனை வரைக்கும் கத்திக்கொண்டு ஓடியதாம். ஆட்டுக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள். அம்மா விடுவாளா? ஒறம்பரையைக் கடித்தது யார் தப்பு என்று அரைநாள் பேசியிருக்கிறாள். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் அது அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லையாம். ஆட்டுக்காரிதான் பொழுதோட வந்து, செடிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, விளக்கு வைக்கிற வரைக்கும் அம்மாவோடு பேசிவிட்டுப் போகிறாளாம்.